பொம்மை இரண்டு கிலோ, கட்டணம் எட்டு கிலோவுக்கு

நியூஜெர்சியிலிருந்து ஒரு அம்மா கேட்கிறார்: “அந்த மண் பெருமாள் பொம்மை என்ன விலை? இங்கே அனுப்ப எவ்வளவு ஆகும்?”

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறீர்கள்: 2,500 ரூபாய். இரண்டாவதற்குத்தான் கொஞ்சம் யோசனை. பொம்மை இரண்டு கிலோகூட இல்லை. கூரியர்காரர் கிலோவுக்கு 700 ரூபாய் என்று சொன்ன நினைவு. பெருக்கிப் பார்த்து, “1,400 ரூபாய் ஆகும்மா” என்று பதில் போடுகிறீர்கள். பணமும் வந்துவிடுகிறது. பொம்மையை நன்றாகக் கட்டி எடுத்துக்கொண்டு போய் கவுண்டரில் வைத்தால், பில் 8,500 ரூபாயைத் தாண்டி நிற்கிறது.

கூரியர்காரர் உங்களை ஏமாற்றவில்லை. உங்கள் கணக்குதான் தவறான இடத்தில் தொடங்கியது. எங்கே தொடங்க வேண்டும் என்பதைத்தான் இங்கே ஒவ்வொன்றாகப் பார்க்கப் போகிறோம். எடுத்துக்காட்டுக்குக் கொலு பொம்மையை வைத்துக்கொள்கிறேன். கண்ணாடி விளக்கு, சுடுமண் பானை, பீங்கான் கோப்பை, கண்ணாடிச் சட்டம் போட்ட தஞ்சாவூர் ஓவியம் என உடையும் பொருள் எதுவானாலும் முறை இதுதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே வரும் ரூபாய்க் கணக்கில் கிலோ ரேட்டும் எரிபொருள் சதவீதமும் கணக்குப் போட்டுக் காட்டுவதற்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர் கூரியர் சொல்லும் எண்களை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

பொம்மையை எடை போட்டால் போதாதா?

போதாது. விமானத்தில் எடைக்கும் வரம்பு உண்டு, இடத்துக்கும் வரம்பு உண்டு. ஒரு மூட்டை பஞ்சு எடையில் ஒன்றுமில்லை, ஆனால் இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால் கூரியர் நிறுவனங்கள் உங்கள் பார்சலுக்கு இரண்டு எடை பார்க்கின்றன.

ஒன்று, தராசில் வரும் உண்மை எடை. இன்னொன்று, வால்யூமெட்ரிக் எடை (பெட்டி அடைக்கும் இடத்தை எடையாக மாற்றிச் சொல்லும் கணக்கு). இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பணம்.

அரிசியோ புத்தகமோ அனுப்பினால் உண்மை எடை முந்தும். உடையும் பொருளில் பெரும்பாலும் இடம்தான் முந்தும். ஏனென்றால் நீங்கள் பொம்மையை மட்டும் அனுப்பவில்லை, அதைச் சுற்றி ஒரு மெத்தையையும் சேர்த்து அனுப்புகிறீர்கள்.

வால்யூமெட்ரிக் எடையை எப்படிக் கணக்கிடுவது?

பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்குங்கள். வருவதை 5,000 ஆல் வகுங்கள். கிடைப்பது கிலோ. டிஹெச்எல், ஃபெடெக்ஸ், யுபிஎஸ் போன்ற பெரிய எக்ஸ்பிரஸ் கூரியர்களின் சர்வதேசக் கணக்கு இதுதான். சாதாரண விமான சரக்கில் 6,000 ஆல் வகுப்பது வழக்கம். கிடைக்கும் எண்ணை அடுத்த அரை கிலோவுக்கு ஏற்றிக் கொள்வார்கள், 11.2 வந்தால் 11.5.

நம் பெருமாளை அளப்போம். உயரம் 30 செ.மீ., அகலம் 15, பக்கவாட்டில் 12. எடை 1.8 கிலோ.

உடையும் பொருளுக்குப் பெட்டிக்குள் பெட்டி வைத்துக் கட்டுவதே பாதுகாப்பு. பொம்மையைச் சுற்றி எல்லாப் பக்கமும் 5 செ.மீ. பொதி வைத்தால் உள்பெட்டி 25 × 22 × 40. அந்தப் பெட்டியைச் சுற்றி மறுபடி 5 செ.மீ. விட்டால் வெளிப்பெட்டி 35 × 32 × 50. பெருக்கினால் 56,000. அதை 5,000 ஆல் வகுத்தால் 11.2 கிலோ. பில்லில் விழுவது 11.5 கிலோ.

அட்டை, பொதி எல்லாம் சேர்ந்து தராசில் 3 கிலோதான் காட்டும். அதை யாரும் பார்க்கப் போவதில்லை.

பெட்டியைக் கொஞ்சம் சின்னதாக்கினால்?

இங்கேதான் உங்கள் பணம் இருக்கிறது. இரண்டு அடுக்கிலும் 5 செ.மீ. இடைவெளியை 4 செ.மீ. ஆக்குங்கள். உள்பெட்டி 23 × 20 × 38. வெளிப்பெட்டி 31 × 28 × 46. பெருக்கினால் 39,928. வகுத்தால் 7.99, பில்லில் 8 கிலோ.

ஒரு சுண்டுவிரல் அகலத்தைக் குறைத்ததில் மூன்றரை கிலோ இறங்கிவிட்டது. கிலோவுக்கு 700 என்று வைத்தால் வெறும் ரேட்டிலேயே 2,450 ரூபாய் வித்தியாசம்.

அப்படியென்றால் 2 செ.மீ. ஆக்கிவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். அந்த இடைவெளிதான் பெட்டி கீழே விழும்போது அடியை வாங்கிக்கொள்கிறது. நல்ல குமிழித் தாளை இறுக்கமாகச் சுற்றி, உள்பெட்டிக்குள் பொம்மை அசையாமல் இருந்தால் 4 செ.மீ. தாங்கும். கை, மூக்கு, கிரீட நுனி, வேல் என்று நீட்டிக்கொண்டிருக்கும் பாகம் உள்ள பொம்மைக்கு 5 செ.மீ. க்குக் கீழே போகாதீர்கள்.

அளக்கும்போது இன்னொன்று. பெட்டியின் உள்ளளவை எடுக்காதீர்கள். வெளியே டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். மேலே நான் அட்டையின் கனத்தை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டிருக்கிறேன். வெளியே அளந்தால் அது தானாகச் சேர்ந்துவிடும். மூடி புடைத்திருந்தால் புடைப்பும் கணக்கில் வரும். நம் எட்டு கிலோ பெட்டி உயரத்தில் 2 செ.மீ. புடைத்தால் அது எட்டரை கிலோ.

காகிதக்கூழ் பொம்மை எடை குறைவாயிற்றே, கட்டணமும் குறையுமா?

கூரியரில் அப்படியே குறையாது. பெட்டி அதே அளவென்றால் பில்லும் அதேதான். ஆனால் காகிதக்கூழ் பொம்மை மண் பொம்மைபோல எளிதில் உடையாது. அதனால் பொதியைக் குறைத்து, ஒரே பெட்டியில் கட்டலாம். பெட்டி சின்னதானால் கட்டணம் இறங்கும். எடை குறைவின் பலன் இப்படிச் சுற்றி வந்துதான் கிடைக்கிறது.

பெரிய பொம்மைகளை வெளிநாட்டுக்கென்றே காகிதக்கூழில் செய்யச் சொல்லி வாங்குவது நல்ல யோசனை.

எதை வைத்துக் கட்டுவது?

நம் ஊரில் பொம்மை செய்பவர்கள் வைக்கோலில் பொதிந்து கொடுப்பார்கள். மதுரை விளாச்சேரியிலிருந்து சென்னைக்கு லாரியில் வர அதைவிட நல்ல மெத்தை கிடையாது. ஆனால் வெளிநாட்டுக்கு வைக்கோல் ஒரு துரும்புகூடப் போகக் கூடாது. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் வைக்கோல் பொதியை அனுமதிப்பதே இல்லை. பயிர்ப்பூச்சியும் விதையும் வந்துவிடும் என்ற பயம். அங்குள்ள அதிகாரிகள் பார்சலைத் திறந்து பார்த்தால் அழிக்கலாம், மருந்தடிக்கலாம், திருப்பி அனுப்பலாம். செலவு உங்கள் தலையில்.

பொம்மை செய்பவரிடமிருந்து வாங்கியதும் வைக்கோலை முழுதாக எடுத்துவிட்டு, இடுக்குகளில் ஒட்டியிருப்பதையும் பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். அடிப்பக்கம் குழிவாக இருக்கும் பொம்மையைக் கவிழ்த்துப் பாருங்கள். துரும்பு அங்கேதான் ஒளிந்திருக்கும்.

மரப்பெட்டியில் கட்டுவதாக இருந்தால், அந்த மரம் ஐ.எஸ்.பி.எம். 15 (பூச்சி போகச் சூடேற்றியோ மருந்திட்டோ முத்திரை குத்திய மரம் என்பதற்கான உலக விதி) முத்திரை உள்ளதாக இருக்க வேண்டும். தெருமுனைத் தச்சர் அடித்துக் கொடுக்கும் பெட்டிக்கு அந்த முத்திரை இருக்காது. பிளைவுட்டுக்கு இந்த விதி இல்லை.

சரி, நல்ல கட்டு எப்படி இருக்கும்? பொம்மையின் கழுத்து, கை இடுக்குகளை முதலில் மெல்லிய காகிதத்தால் நிரப்புங்கள். அதற்கு மேல் குமிழித் தாள். வர்ணம் பூசிய பரப்பின் மேல் குமிழித் தாள் நேராகப் படக் கூடாது. வெயிலில் நின்ற வண்டிக்குள் வட்ட வட்டமாக அச்சு விழுந்துவிடும். நடுவில் ஒரு காகிதம் வையுங்கள். வெளிப்பெட்டிக்கு ஐந்தடுக்கு அட்டை. அடியிலும் மேலேயும் மூடி சேரும் கோட்டிலும் இரண்டு ஓரங்களிலும் டேப்.

கட்டி முடித்ததும் பெட்டியைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே ஏதாவது நகரும் சத்தம் கேட்டால் பிரித்து மறுபடி கட்டுங்கள். பிறகு, உடைந்தாலும் பரவாயில்லை என்ற ஒரு பொம்மையை இதே மாதிரி கட்டி, இடுப்பு உயரத்திலிருந்து மூலை கீழே இருக்கும்படி போட்டுப் பாருங்கள். “உடையும் பொருள், கவனம்” என்ற ஸ்டிக்கரை மனிதர்கள் படிப்பார்கள். பார்சலைத் தள்ளிப் பிரிக்கும் இயந்திரத்துக்குப் படிக்கத் தெரியாது.

கிலோ ரேட்டுக்கு மேல் என்னென்ன சேரும்?

முதலில், ஃப்யூயல் சர்சார்ஜ் (எரிபொருள் விலைக்கு ஏற்ப அடிப்படைக் கட்டணத்தின் மேல் போடும் சதவீதம்). இது அடிக்கடி மாறும். போன மாத பில்லை வைத்து இந்த மாதம் விலை சொல்லாதீர்கள்.

அடுத்து, இந்த மொத்தத்தின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. நீங்கள் ஜி.எஸ்.டி. பதிவு செய்தவராக இருந்தால் இதை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்க வழி உண்டு. இல்லையென்றால் இது முழுக்கச் செலவுதான். ஆன்லைனில் வெளிநாட்டுக்கு விற்பவர் பதிவு செய்ய வேண்டுமா என்பதை உங்கள் ஆடிட்டரிடம் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

மூன்றாவது, முகவரியைப் பொறுத்து வருபவை. தொலைதூரப் பகுதிக் கட்டணம், பெரிய பெட்டிக் கட்டணம் போன்றவை. வாங்குபவரின் நகரம் மட்டும் போதாது, அஞ்சல் குறியீட்டு எண்ணையும் வாங்கிய பிறகே கட்டணம் சொல்லுங்கள்.

நான்காவது எல்லோரும் மறப்பது: பணம் உங்கள் கைக்கு வரும் வழியில் கழிவது. வாங்குபவர் ஆன்லைனில் கட்டும் தொகையில் பணப் பரிமாற்ற நிறுவனம் குறிப்பிட்ட சதவீதத்தை எடுத்துக்கொள்ளும். அது பொம்மை விலைக்கு மட்டுமில்லை. அனுப்பும் கட்டணத்தையும் சேர்த்த மொத்தத்துக்கு. டாலரை ரூபாயாக மாற்றும்போதும் கொஞ்சம் போகும்.

எல்லாம் சேர்த்து ஒரு முறை போட்டுப் பார்ப்போமா?

எட்டு கிலோ பெட்டியை எடுத்துக்கொள்வோம். கிலோவுக்கு 700, எரிபொருள் 30 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம்.

எட்டு கிலோவுக்கு அடிப்படை 5,600 ரூபாய். எரிபொருள் 1,680. இரண்டும் சேர்ந்து 7,280. அதன்மேல் ஜி.எஸ்.டி. 1,310. கூரியர் பில் 8,590 ரூபாய். இரண்டு பெட்டி, குமிழித் தாள், டேப் எல்லாம் 350 என்று வையுங்கள். 8,940 ஆயிற்று.

இதே பொம்மையைப் பதினொன்றரை கிலோப் பெட்டியில் கட்டியிருந்தால் கூரியர் பில் மட்டும் 12,349 ரூபாய். ஒரு சென்டிமீட்டரின் விலை 3,759 ரூபாய்.

2,500 ரூபாய் பொம்மைக்கு இவ்வளவா என்று வாங்குபவர் கேட்பார். கேட்கத்தான் வேண்டும். அந்தப் பெட்டியின் இடத்தில் பொம்மை அடைப்பது ஏழில் ஒரு பங்குகூட இல்லை. மீதி முழுவதும் காற்றும் பொதியும். அந்தக் காற்றுக்குத்தான் காசு என்பதை அவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். புரிந்தவர்கள், “சரி, அப்படியானால் நாலு பொம்மையாக எடுத்துக்கொள்கிறேன்” என்பார்கள். அது அவர்களுக்கும் லாபம்: முதல் அரை கிலோவுக்குத்தான் ரேட் அதிகம், எடை கூடக் கூட ஒரு கிலோவுக்கான ரேட் இறங்கிக்கொண்டே போகும்.

உடைந்து போனால் யார் பொறுப்பு?

பெரும்பாலும் நீங்கள்தான். இதை முன்பே ஏற்றுக்கொண்டு கணக்கில் சேர்த்துவிட்டால் பிறகு வருத்தம் இல்லை.

சர்வதேச விமான சரக்குக்கு மாண்ட்ரீல் உடன்படிக்கை என்று ஒன்று இருக்கிறது. அதன்படி இழப்பீட்டுக்கு உச்ச வரம்பு கிலோவுக்கு 26 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியம் வைத்திருக்கும் கணக்கு அலகு). 2024 டிசம்பர் 28 வரை இது 22 ஆக இருந்தது. கிலோ என்றால் பார்சலின் உண்மை எடை. எட்டு கிலோவுக்குப் பணம் கட்டினோமே என்று வாதாட இடமில்லை. அதைவிட முக்கியமானது இது: அனுப்பியவர் சரியாகக் கட்டாததால் உடைந்தது என்று காட்டிவிட்டால் அதுவும் கிடையாது.

தனியாக இன்சூரன்ஸ் எடுத்தால்? எடுக்கலாம், ஆனால் விதிகளைப் படித்த பிறகு. பல பாலிசிகளில் தொலைந்தால் பணம் வரும். மண், கண்ணாடி, பீங்கான் உடைந்தால் வராது. “உடைசலுக்கும் சேர்த்துத்தானே?” என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். கவுண்டரில் இருப்பவர் தலையாட்டியதை வைத்துக் கிளைம் கேட்க முடியாது.

இன்சூரன்ஸ் சரிவரவில்லை என்றால், நீங்களே ஒரு உண்டியல் வைத்துக்கொள்ளலாம். இருபது பார்சலுக்கு ஒன்று உடையும் என்று வைப்போம். அந்த ஒன்றை மறுபடி அனுப்ப பொம்மை 2,500, கட்டும் சாமான் 350, கூரியர் 8,590, மொத்தம் 11,440. இதை இருபதால் வகுத்தால் 572 ரூபாய். ஒவ்வொரு பார்சல் கட்டணத்திலும் இந்த 572 ஐச் சேர்த்து எடுத்து வைத்தால், உடையும் அந்த ஒன்றுக்குக் கைப்பணம் போடவேண்டாம். இப்போது நம் பெருமாளின் பயணச் செலவு 9,512.

இருபதுக்கு ஒன்று என்பது நான் வைத்த கணக்கு. உங்களுடையது எவ்வளவு என்பதை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள்: எந்தப் பொம்மை, எந்த நாடு, எப்படிக் கட்டினோம், எந்தப் பாகம் உடைந்தது. முப்பது பார்சல் போன பிறகு அந்த நோட்டே கட்டும் முறையைச் சொல்லிக் கொடுக்கும்.

கட்டும்போது ஒவ்வொரு நிலையிலும் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். வாங்குபவரிடமும், பெட்டியைத் திறக்கும்போது வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். கிளைம் கேட்கும் நாளில் அவையே சாட்சி.

அங்கே போனதும் வரி யார் கட்டுவது?

இதை முன்கூட்டியே பேசாவிட்டால், பொம்மை உடையாமலேயே உறவு உடையும். வாசலில் நிற்கும் கூரியர்காரர் பணம் கேட்டால் வாங்குபவர் உங்களைத்தான் திட்டுவார்.

இரண்டு வழி உண்டு. டி.டி.பி. (வரி உட்பட எல்லாவற்றையும் அனுப்புபவர் கட்டுவது) ஒன்று. டி.ஏ.பி. (வீடு வரை அனுப்புபவர் செலவு, இறக்குமதி வரி மட்டும் வாங்குபவர் பொறுப்பு) இன்னொன்று. முதல் வழியில் வரியோடு, அதை முன்கூட்டிக் கட்டிக் கொடுப்பதற்குக் கூரியர் எடுக்கும் சேவைக் கட்டணமும் உங்கள் விலையில் சேர வேண்டும்.

அமெரிக்காவுக்கு முன்பு 800 டாலர் வரையான பார்சலுக்கு வரி இல்லை. 2025 ஆகஸ்ட் 29 இல் அந்தச் சலுகை எல்லா நாட்டுப் பார்சலுக்கும் போய்விட்டது. அதையொட்டி இந்திய அஞ்சல் துறை அமெரிக்காவுக்கான பெரும்பாலான சேவைகளை நிறுத்தி, அக்டோபர் 15 முதல், இங்கேயே வரியையும் வசூலித்துக்கொள்ளும் முறையில் மறுபடி தொடங்கியது. வரி விகிதம் அதன்பிறகும் நிலையாக இல்லை. அதனால் அமெரிக்காவுக்கு மட்டும் அன்றன்றைய விகிதத்தைக் கேட்டு விலை சொல்லுங்கள். “இந்த விலை ஏழு நாளுக்கு” என்று ஒரு வரியும் சேருங்கள்.

பிரிட்டனில் 135 பவுண்டு வரையான சரக்குக்கு விற்கும்போதே 20 சதவீத வாட் வசூலிக்க வேண்டும் என்பது 2021 முதல் விதி. பெரிய விற்பனைத் தளம் வழியாக விற்றால் அந்தத் தளமே வசூலித்துக் கட்டிவிடும். சொந்த வலைத்தளத்தில் நேரடியாக விற்றால் பொறுப்பு உங்களுடையது. சிங்கப்பூரில் ஜி.எஸ்.டி. 2024 முதல் 9 சதவீதம். ஆஸ்திரேலியாவில் 10.

“கிஃப்ட் என்று எழுதிவிடுங்களேன், வரி வராது” என்று சிலர் கேட்பார்கள். “500 ரூபாய் என்று போடுங்கள்” என்பார்கள். செய்யாதீர்கள். விற்ற பொருளைப் பரிசு என்று எழுதுவது பொய்க் கணக்கு. பிடிபட்டால் பார்சல் நிற்கும். அதோடு, உடைந்தாலோ தொலைந்தாலோ நீங்கள் எழுதிய 500 க்கு மேல் ஒரு ரூபாய் கேட்க முடியாது.

வாங்குபவர் வரி கட்ட மறுத்தால் பார்சல் திரும்பி வரும். அந்தத் திரும்பும் கட்டணமும் அனுப்பியவர் தலையில்தான் விழும். “வரி கட்டாமல் திருப்பினால் பொம்மை விலை மட்டுமே திரும்பத் தரப்படும், இரு வழிக் கட்டணமும் கழிக்கப்படும்” என்று ஆர்டர் எடுக்கும்போதே எழுதி ஒப்புதல் வாங்குங்கள்.

தபாலா, கூரியரா, கப்பலா?

தபாலில் பெரும்பாலும் உண்மை எடைதான் பார்ப்பார்கள் என்பதால் இலேசான, பெரிய கட்டுக்கு அது மலிவாக முடியலாம். உங்கள் சேவைக்கு எந்தக் கணக்கு என்பதையும், அந்த நாட்டுக்கு எடை, நீள வரம்பு என்ன என்பதையும் கவுண்டரில் கேட்டுக்கொள்ளுங்கள். அஞ்சல் துறை 2022 முதல் தாக் கர் நிர்யாத் கேந்திரா (அஞ்சலக ஏற்றுமதி மையம்) என்ற பெயரில் சிறு ஏற்றுமதியாளர்களுக்கென மையங்கள் நடத்துகிறது. கட்டுவது, கஸ்டம்ஸ் காகிதம் போடுவது எல்லாவற்றுக்கும் அங்கே வழி கேட்கலாம்.

கூரியர் விலை அதிகம். ஆனால் நாலைந்து நாளில் போகும், பார்சல் எங்கே இருக்கிறது என்று தெரியும், கை மாறுவதும் குறைவு. உடையும் பொருளுக்குக் கை மாறுவது குறைவதே ஒரு பாதுகாப்பு.

கப்பல் ஒன்றிரண்டு பொம்மைக்கு ஆகாது. அங்கே கணக்கு கன மீட்டரில் (ஒரு மீட்டர் நீள, அகல, உயரம் கொண்ட இடம்). நம் எட்டு கிலோப் பெட்டிகள் 25 சேர்ந்தால் ஒரு கன மீட்டர். கப்பல் கட்டணத்தோடு அங்கே துறைமுகத்தில் இறக்க, கஸ்டம்ஸில் விடுவிக்க என்று தனிச் செலவுகளும் உண்டு. ஒரு கடையோ, தமிழ்ச் சங்கமோ, ஒரே ஊரில் இருக்கும் பத்துக் குடும்பமோ சேர்ந்து வாங்கினால் யோசிக்கலாம். புரட்டாசிக் கொலுவுக்குப் பொம்மை போய்ச் சேர வேண்டுமானால் சித்திரை, வைகாசியிலேயே கப்பலேற்றிவிட வேண்டும். ஆடியில் கேட்பவருக்குக் கூரியர்தான்.

என்ன காகிதம் வேண்டும்?

வியாபாரமாக அனுப்ப ஐ.இ.சி. (ஏற்றுமதி இறக்குமதி செய்பவருக்கான அடையாள எண்) வேண்டும். பான் எண்ணை வைத்து, ஆன்லைனில் 500 ரூபாய் கட்டி வாங்கிக்கொள்ளலாம். ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் விவரங்களை உறுதி செய்யவும் மறக்காதீர்கள். மறந்தால் எண் முடங்கிவிடும்.

இன்வாய்ஸில் பொருளை நான்கு வார்த்தையில் தெளிவாக எழுதுங்கள். “பொம்மை” என்று மட்டும் எழுதினால் குழந்தை விளையாட்டுச் சாமான் என்று நினைத்து, பாதுகாப்புச் சான்று கேட்கலாம். “சுட்ட களிமண் அலங்காரச் சிலை, கையால் வர்ணம் பூசியது” என்ற பொருள்பட ஆங்கிலத்தில் எழுதுங்கள். களிமண், பீங்கான் அலங்காரச் சிலைகளுக்கு எச்.எஸ். கோடு (உலகம் முழுக்கப் பொருளை அடையாளம் காட்டும் எண்) 6913 இல் தொடங்கும். வரி அந்த எண்ணை வைத்துத்தான் வரும் என்பதால் இதில் அலட்சியம் கூடாது.

எதையாவது அனுப்பவே கூடாதா?

கொலு பொம்மை விற்பவர்கள் இரண்டு விஷயத்தில் மாட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு.

ஒன்று மயிற்பீலி. கிருஷ்ணர் தலையில் உண்மையான மயிலிறகு செருகியிருந்தால் எடுத்துவிடுங்கள். மயிலிறகும் அதில் செய்த பொருளும் இந்தியாவிலிருந்து ஏற்றுமதி செய்யத் தடை உள்ளவை.

இன்னொன்று மரப்பாச்சி. பழைய வழக்கப்படி செம்மரத்தில் செய்த ஜோடியை அனுமதி இல்லாமல் அனுப்ப முடியாது. செம்மரம் பன்னாட்டு வன உயிர் வணிக உடன்படிக்கையின் பட்டியலில் இருக்கும் மரம். வேறு மரத்தில் செய்ததுதானா என்று செய்தவரிடம் கேட்டு, அதை இன்வாய்ஸிலும் எழுதுங்கள்.

பாட்டி காலத்துச் சிலையை விற்பதானால் இன்னும் கவனம். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சிலைகள் 1972 ஆம் வருடத் தொல்பொருள் சட்டத்தின் கீழ் வரும்.

கடைசியில், அந்த அம்மாவுக்கு என்ன பதில் போடுவது?

விலையை உடனே போடாதீர்கள். “அஞ்சல் குறியீட்டு எண்ணை அனுப்புங்கள்மா, நாளைக்குச் சரியான கட்டணம் சொல்கிறேன்” என்று மட்டும் போடுங்கள். பிறகு பொம்மையை நிஜமாகவே ஒரு முறை பெட்டிக்குள் கட்டுங்கள். வெளியே டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். பெருக்கி 5,000 ஆல் வகுங்கள். அந்த எடைக்கு இரண்டு கூரியரிடமும் அஞ்சலகத்திலும் அன்றைய கட்டணம் கேளுங்கள். கட்டும் செலவு, உடைசல் உண்டியல், பணம் வரும் வழியில் கழிவது மூன்றையும் சேருங்கள். வரி யார் பொறுப்பு என்பதைத் தனி வரியாக எழுதுங்கள்.

ஒவ்வொரு பொம்மைக்கும் இதை ஒரு முறை செய்தால் போதும். கட்டிய பெட்டியின் மூன்று அளவையும் எடையையும் அந்தப் பொம்மையின் பெயருக்கு எதிரே நோட்டில் எழுதி வைத்துவிடுங்கள். அடுத்த முறை மெல்போர்னிலிருந்தோ டொரொண்டோவிலிருந்தோ கேட்டால், நோட்டைத் திறந்து ஐந்து நிமிஷத்தில் பதில் சொல்லிவிடலாம்.

இன்றைக்கே உங்களிடம் அதிகம் விற்கும் ஐந்து பொம்மைகளைக் கட்டி அளந்துவிடுங்கள். விலை சொல்வது அதற்குப் பிறகு.